ஓடைக்குக் கட்டிய படித்துறை

இணையத்தில் வாசிக்கத் தகுந்தவை பெருகத் தொடங்கிய காலத்தில் வாசகனுக்கு ஒரு புதுவகைச் சிக்கல் எழுந்தது. அச்சு இதழுக்குச் சந்தா கட்டினால் இதழ் வீடு தேடி வரும். வலைத்தளமோ தேடி வருவதில்லை. நாம்தான் அதன் வாசலுக்குப் போய், புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று தளங்கள் என்றால் இது பெரிய வேலையன்று. முப்பது, நாற்பது என்றால் வாசிக்கும் நேரத்தைவிட வாசல் வாசலாக அலையும் நேரமே மிகுதியாகிவிடும். அதிலும் மாதம் ஒருமுறை மட்டும் எழுதுகிற நல்ல எழுத்தாளர் ஒருவரை நாம் மறந்தே போவோம்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் செய்தியோடை. அதன் நுட்பம் மிக எளியது. ஒவ்வொரு தளமும் தன்னிடம் அண்மையில் வெளியான ஆக்கங்களின் தலைப்பு, சுருக்கம், முகவரி, நாள் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். வாசகனின் கணினியில் உள்ள மென்பொருள் ஒன்று, அவன் விரும்பிய தளங்களின் கோப்புகளைக் குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்து, புதியனவற்றை மட்டும் ஓரிடத்தில் அடுக்கிக் காட்டும். இவ்வளவுதான். ஆயினும் இவ்வளவு எளிய ஒன்றைக் கணினித் துறை சாராத வாசகரிடம் கொண்டு சேர்க்கப் பலர் ஏறத்தாழ பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். அந்தப் பாட்டின் வரலாறு, எளிமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றிய வரலாறும் ஆகும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பீட்' என்ற சொல்லுக்குத் தீனி, ஊட்டுதல் என்றெல்லாம் பொருள். தமிழ் வலைப்பதிவர்களிடையே நிலைத்த சொல் 'ஓடை'. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றல்ல. தீனியை இன்னொருவர் கொண்டுவந்து போடுகிறார். ஓடைக்கு நாமே இறங்கிப் போய் வேண்டிய அளவு மொண்டுகொள்கிறோம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் கதை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலேயே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தள்ளு நுட்பம்

செய்தியோடைக்கு முன்பே, செய்தியைப் பாமரரின் கணினிக்குக் கொண்டு சேர்க்கும் முயற்சிகள் இருந்தன. 1996இல் புகழ்பெற்ற 'பாயின்ட்காஸ்ட்' அவற்றில் முதன்மையானது. அதை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். கணினி சும்மா இருக்கும் வேளையில் திரையில் செய்திகளும் பங்குச்சந்தை விலைகளும் விளம்பரங்களும் தாமாக ஓடும். 'தள்ளு நுட்பம்' என்று இதழ்கள் இதைக் கொண்டாடின. 1997இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் உலாவியின் நான்காம் பதிப்பில் 'அலைவரிசைகள்' என்ற பெயரில் இதைப் போன்ற ஒன்றைச் சேர்த்தது.

பயன்படுத்த இதைவிட எளிய மென்பொருளை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் எந்தெந்த நிறுவனங்களின் செய்தி வரலாம் என்பதைப் பாயின்ட்காஸ்ட்தான் முடிவு செய்தது. தன் போக்கில் எழுதும் ஒரு தனிமனிதரின் பக்கத்தை வாசகன் அதில் சேர்க்க வழியில்லை. அலுவலகங்களின் வலையமைப்பை அது அடைத்துக்கொள்கிறது என்று பல நிறுவனங்கள் அதைத் தடையும் செய்தன. 1997இல் 45 கோடி டாலருக்கு வந்த கேட்பை மறுத்த அந்நிறுவனம், 1999இல் ஏறத்தாழ 70 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. எளிமை மட்டும் இருந்து தேர்வு வாசகன் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம். அந்தப் பாடத்தை யாரும் நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மறைந்திருக்கவே பிறந்தது

1999 மார்ச் மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்.எஸ்.எஸ். பிறந்தது. அதை வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் டான் லிபி. மற்றவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற இராமநாதன் குஹா. ஆப்பிள் நிறுவனத்தில் இருந்தபோதே, தகவலைப் பற்றிய தகவலைக் கணினிக்குப் புரியும் வகையில் எழுதுவது எப்படி என்று குஹா ஆராய்ந்து வந்தார். அந்தச் சிந்தனையின் ஒரு கிளைதான் ஆர்.எஸ்.எஸ்.

நெட்ஸ்கேப் நடத்திய வலைவாசலில் ஒவ்வொரு பயனரும் தமக்கென ஒரு முகப்புப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். எந்தத் தளமும் இந்த வடிவத்தில் ஒரு கோப்பை அளித்தால், அதன் தலைப்புகள் பயனரின் முகப்பில் ஒரு சிறு கட்டமாகத் தெரியும். கோப்பையும் அதன் பெயரையும் பயனர் அறிய வேண்டியதே இல்லை. அதாவது ஆர்.எஸ்.எஸ். பாமரரின் கண்ணில் படாமல் பின்னால் இருந்து உழைப்பதற்காகவே பிறந்தது. இந்தப் பிறவிக்குணம் பிற்காலத்தில் அதற்கு வரமாகவும் சாபமாகவும் ஆயிற்று.

அதே சமயத்தில் டேவ் வைனர் என்ற மென்பொருள் ஆசிரியர் 1997 முதலே தம் தளத்துக்கு இதை ஒத்த ஒரு வடிவத்தைப் பயன்படுத்தி வந்தார். அதன் கூறுகள் சிலவும் சேர்ந்து 1999 ஜூலையில் 0.91 பதிப்பு வந்தது. நெட்ஸ்கேப் அதற்குள் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது, 2001இல் ஆர்.எஸ்.எஸ். ஆதரவை அது கைவிட்டது. தாய்வீட்டை இழந்த குழந்தைக்கு உரிமை கோரி இரு தரப்புகள் மோதின. ஒரு குழு குஹாவின் மூலக் கருத்தை வளர்த்து, 2000 டிசம்பரில் 1.0 என்ற பதிப்பை வெளியிட்டது. அக்குழுவில் பதினான்கே வயதான ஆரன் சுவார்ட்சும் இருந்தார். மறு தரப்பில் வைனர் எளிய வடிவமே போதும் என்று 0.92 பதிப்பையும், 2002 செப்டம்பரில் 2.0 பதிப்பையும் கொண்டுவந்தார். எண்ணைப் பார்த்து 2.0 என்பது 1.0க்கு அடுத்த பதிப்பு என்று கருதியவர்கள் ஏமாந்தார்கள். ஆர்.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்துக்கே மூன்று விரிவுகள் வழங்கின. அவற்றுள் கடைசியாக வந்து நிலைத்தது 'மெய்யாகவே எளிய பகிர்வு' என்று பொருள்படும் விரிவு.

மெய்யாகவே எளியதா? 2004இல் மார்க் பில்கிரிம் என்ற நிரலாளர் எண்ணிப் பார்த்து, ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாத ஒன்பது ஆர்.எஸ்.எஸ். பதிப்புகள் இருப்பதைக் காட்டினார். இந்தப் பூசலில் சலித்தவர்கள் 2003இல் தொடங்கி உருவாக்கிய வடிவம் 'ஆட்டம்' (அணு என்பது பொருள், விளையாட்டு அன்று). அது 2005 டிசம்பரில் முறையான தரமாயிற்று. பூசலைத் தீர்க்க வந்தது, பத்தாவது வடிவமாகவும் ஆயிற்று. இந்தச் சண்டையின் நியாய அநியாயங்கள் வாசகனுக்குத் தேவையில்லை. ஆனால் அதன் விளைவு அவன் தலையில் வந்து விழுந்தது. தளத்தின் ஓரத்தில் மூன்று நான்கு பொத்தான்கள் வரிசையாக நின்றன. எதைச் சொடுக்குவது என்று யாரைக் கேட்பது?

ஏழு படிகள்

2003ஆம் ஆண்டில், கணினித் துறை சாராத ஒருவர் ஒரு தளத்தின் ஓடையைப் பெற விரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் 'எக்ஸ்.எம்.எல்.' என்று எழுதிய ஆரஞ்சு நிறச் சிறு பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதாக, அது சொடுக்குவதற்கு உரியது என்று உணர வேண்டும். சொடுக்கினால் கோண அடைப்புக்குறிகள் நிறைந்த நிரல் வரிகள் திரையில் கொட்டும். மூன்றாவதாக, தாம் எதையோ உடைத்துவிட்டோம் என்ற அச்சத்தை வெல்ல வேண்டும். நான்காவதாக, அந்தப் பக்கத்தை வாசிக்க முயலாமல் அதன் முகவரியை மட்டும் படியெடுக்க வேண்டும். ஐந்தாவதாக, அதற்கென ஒரு மென்பொருளை முன்பே தேடி நிறுவியிருக்க வேண்டும். ஆறாவதாக, அதனுள் சரியான கட்டத்தில் முகவரியை ஒட்ட வேண்டும். ஏழாவதாக, அந்த ஓடை பிழையின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏழையும் ஒவ்வொன்றாகக் களைந்தவர்களின் உழைப்பே இந்த வரலாற்றின் நல்ல பகுதி.

முதற்படியைக் களைந்தது 2002இல் பரவிய 'தானே கண்டறிதல்' என்ற வழக்கம். வலைப்பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியாக ஓடையின் முகவரியை எழுதி வைப்பார்கள். அதன்பின் வாசகன் ஓடையின் முகவரியைத் தேட வேண்டியதில்லை. தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். மென்பொருளே ஓடையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இதைப் பரப்பியதில் மேலே சொன்ன பில்கிரிமுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஏழாம் படியிலும் அவர் பெயரைக் காண்கிறோம். எக்ஸ்.எம்.எல். மொழியின் இலக்கணம் மிகக் கடுமையானது. ஒரு குறி தவறினாலும் கோப்பு முழுவதையும் ஏற்க மறுத்துவிட வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் ஓடைகளை எழுதியவர்கள் மனிதர்கள். 'மற்றும்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கக்குறி ஒன்றை முறைப்படி எழுதாமல் விட்டாலே ஓடை நின்றுபோகும். 2004இன் தொடக்கத்தில் நிரலாளரிடையே இது குறித்துக் கடும் விவாதம் நடந்தது. பிழையான ஓடையை மறுத்தால்தான் எழுதுவோர் திருந்துவர் என்றது ஒரு கட்சி. பிழை செய்தவர் பதிப்பாளர், தண்டனை வாசகருக்கா என்று கேட்டது மறு கட்சி. பில்கிரிம் இரண்டாம் கட்சி. அவர் எழுதிய நிரல், எவ்வளவு சிதைந்த ஓடையிலிருந்தும் பொருளை மீட்டுவிடும். சிதைந்த ஏட்டிலிருந்து பாடம் மீட்கும் பதிப்பாசிரியரின் பொறுமை அதில் இருந்தது. பயனருக்கான எளிமை என்பது பெரும்பாலும் இப்படித்தான். அவர் அறியாத இடத்தில் இன்னொருவர் பட்ட பாடு.

ஐந்து, ஆறாம் படிகளை மென்பொருள் ஆசிரியர்கள் களைந்தார்கள். 2002இல் பிரென்ட் சிமன்ஸ் மேக் கணினிகளுக்காக உருவாக்கிய 'நெட்நியூஸ்வயர்', 2003இல் நிக் பிராட்பரி விண்டோஸ் கணினிகளுக்காக உருவாக்கிய 'பீட்டெமன்' ஆகியவை இவ்வகையில் முன்னோடிகள். புதிய ஒன்றைப் பழகியதன் சாயலில் காட்டுவது என்ற உத்தியை இவை கையாண்டன. இடப்பக்கம் தளங்களின் பட்டியல், அடுத்துத் தலைப்புகள், கீழே அல்லது வலப்பக்கம் உரை. மின்னஞ்சல் மென்பொருளைக் கையாண்டவருக்கு இது உடனே விளங்கிற்று. 2003 ஜூனில் மார்க் பிளெட்சர் தொடங்கிய 'பிளாக்லைன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவும் வேலையையே இல்லாமல் செய்தது. உலாவியிலேயே வாசிக்கலாம், எந்தக் கணினியிலிருந்தும் வாசிக்கலாம். வீட்டில் கணினி இல்லாமல் இணைய நடுவங்களை நம்பியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மின்னஞ்சலின் சாயல் ஒரு கேட்டையும் உடன் கொண்டுவந்தது. ஒவ்வொரு தளத்தின் அருகிலும் 'வாசிக்காதவை' எத்தனை என்று தடித்த எழுத்தில் ஓர் எண். நம் பெயருக்கு வந்த கடிதத்தை வாசிக்காமல் விடுவது கடமை தவறுதல். ஆனால் ஒரு நாளிதழின் எல்லாப் பத்திகளையும் வாசிக்காததற்கு யாரும் வருந்துவதில்லை. வாசிப்பு மென்பொருள் நாளிதழைக் கடிதக் கட்டாக மாற்றிவிட்டது. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியவரை '1000+' என்ற எண் வரவேற்றது. அதைக் கண்டு அஞ்சி அந்தப் பக்கமே போகாதவர் பலர். இதற்கு மாற்றாக வைனர் 'செய்தி ஆறு' என்ற அமைப்பை வலியுறுத்தினார். எண்களும் அறைகளும் இல்லை. எல்லாத் தளங்களின் ஆக்கங்களும் புதியது மேலாக ஒரே ஒழுக்காக வரும். கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். தவறியதைப் பற்றிக் கவலையில்லை. பொதுவாசகருக்கு எது எளியது என்ற கேள்வியில் இந்த அமைப்பே அறிவுடையது. ஆனால் அன்றைய மென்பொருள்களில் மின்னஞ்சலின் சாயலே ஓங்கி நின்றது.

இரண்டு, மூன்று, நான்காம் படிகள் எஞ்சின. 2004இல் தொடங்கிய 'பீட்பர்னர்' நிறுவனம், ஓடையைச் சொடுக்கினால் நிரல் வரிகளுக்குப் பதிலாக ஒழுங்கான ஒரு பக்கம் தோன்றும்படி செய்தது. 'இது ஓடை, இதை இன்ன மென்பொருளில் சேர்க்கலாம்' என்று அந்தப் பக்கம் விளக்கியது. 2004 நவம்பரில் வெளியான பயர்பாக்ஸ் 1.0 உலாவி, ஓடையைப் பக்கக்குறிகளுள் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வழி செய்தது. 2005 ஏப்ரலில் ஆப்பிளின் சபாரி உலாவி ஓடையைத் தானே அழகாகக் காட்டத் தொடங்கியது.

அடையாளச் சின்னத்தின் கதை தனிச்சுவை உடையது. பயர்பாக்சுக்காக ஸ்டீபன் ஹார்லாண்டர் வரைந்த சின்னம், ஆரஞ்சுச் சதுரத்தில் ஒரு புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் இரண்டு வளைவுகளும் கொண்டது. எழுத்தே இல்லை; ஆகவே எம்மொழியினருக்கும் பொது. 2005 டிசம்பரில் மைக்ரோசாப்ட், தன் போட்டியாளரின் அந்தச் சின்னத்தையே தானும் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. உலாவிச் சண்டையில் ஒருவரையொருவர் அழிக்க முனைந்தவர்களின் வாரிசுகள், பயனருக்குக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒரு சின்னத்தில் உடன்பட்டது கணினி வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. 2006 அக்டோபரில் அச்சின்னத்துடன் மைக்ரோசாப்ட் உலாவியின் ஏழாம் பதிப்பு வந்தது. 2007இல் லீ லெபீவர், காகிதத் துண்டுகளை மேசைமேல் நகர்த்தி ஆர்.எஸ்.எஸ். என்பதை எளிய மொழியில் விளக்கும் சில நிமிடப் படம் ஒன்றை வெளியிட்டார். தளம் தளமாக நாம் போவது பழைய வழி, தளங்கள் நம்மிடம் வருவது புதிய வழி என்ற ஒரே கருத்தை ஒட்டியே அந்தப் படம் முழுவதும் அமைந்தது.

ஏழு படிகளும் களையப்பட்டாயிற்று. படித்துறை கட்டி முடிந்தது. பாமரர் இறங்கி வந்தாரா?

அறியாமல் பயன்படுத்தியவர்கள்

2005 அக்டோபரில் யாஹூ நிறுவனமும் இப்சாஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இணையப் பயனர்களுள் ஆர்.எஸ்.எஸ். என்பதை அறிந்திருந்தவர் 12 விழுக்காடு. அறிந்தே அதைப் பயன்படுத்தியவர் 4 விழுக்காடு. ஆனால் தம் முகப்புப் பக்கங்களின் வழியே, அது இன்னதென அறியாமலே பயன்படுத்தியவர் 27 விழுக்காடு!

இந்த மூன்று எண்களும் மென்பொருள் உலகுக்கு ஒரு பாடத்தை உரக்கச் சொல்லின. கற்பிக்க முயன்றால் 4 பேர் வருவர். மறைத்துவிட்டால் 27 பேர் வருவர். நெட்ஸ்கேப் 1999இல் எண்ணியதும் இதுவே அல்லவா! அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் ஒலியோடைகளைச் சேர்த்தது. பாட்காஸ்ட் என்று இன்று நாம் சொல்லும் அந்த ஒலிபரப்புகள், ஒலிக்கோப்பின் முகவரியைத் தாங்கிவரும் ஆர்.எஸ்.எஸ். ஓடைகளே. ஆரஞ்சுப் பொத்தானும் இல்லை, விளக்கமும் இல்லை. பட்டியலில் பெயரைக் கண்டு 'சந்தா' என்பதைச் சொடுக்கினால் முடிந்தது. இரண்டே நாளில் 10 இலட்சம் சந்தாக்கள் சேர்ந்ததாக ஆப்பிள் அறிவித்தது.

அதே 2005 அக்டோபரில் கூகிள் ரீடரும் வந்தது. அதன் முதல் தோற்றம் பலருக்குப் பிடிபடவில்லை. 2006 செப்டம்பரில் வந்த புதிய தோற்றம் விரைவாகவும் தெளிவாகவும் இருந்தது, விலையும் இல்லை. விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த மென்பொருள்களும் சிறு நிறுவனங்களும் அதனோடு போட்டியிட இயலாமல் ஒதுங்கின. மேசைக்கணினி மென்பொருள்கள் பலவும் கூகிள் ரீடரைப் பின்புலமாகக் கொண்டு, அதன் மேல் அணியும் உடையாக மாறின. ஓடைகள் பலருடையவை, ஆனால் படித்துறை ஒருவருடையது என்றாயிற்று.

தமிழில்

தமிழில் இந்தக் கதை சற்றே வேறு வழியில் நடந்தது. தமிழ் வாசகருக்கு எட்டாவது படி ஒன்றும் இருந்தது. அது எழுத்துரு. அந்நாளில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தையும் எழுத்துருவையும் வைத்திருந்தன. தளத்துக்கே போனால், உடன் இறங்கும் இயங்கு எழுத்துருவால் எழுத்துத் தெரியும். ஆனால் ஓடை, தளத்தின் உடையைக் களைந்துவிட்டு உரையை மட்டும் தனியே எடுத்து வருவது. உடை போனதும் தமிழும் போயிற்று. பொருளற்ற குறிகளே எஞ்சின. எம்மென்பொருளிலும் எழுத்துத் தன் அடையாளத்தைத் தானே தாங்கி நிற்கும் யுனிகோடு முறைக்கு, 2003 முதல் தமிழ் வலைப்பதிவர்கள் பெருமளவில் மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த மாற்றத்தின் பெரும்பயன்களுள் ஒன்று, தமிழில் ஓடை என்பது பொருளுடையதாக ஆனது.

2004இல் தொடங்கப்பட்ட 'தமிழ்மணம்' இந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு வாசகரும் தனித்தனியே மென்பொருள் நிறுவி ஓடைகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, பொதுவான ஒரு பக்கம் எல்லாப் பதிவுகளின் ஓடைகளையும் திரட்டிக் காட்டியது. 'திரட்டி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. தமிழ் வாசகர்களுள் பெரும்பாலோர் ஓடையின் பயனை அறிந்தது இவ்வாறுதான். அவர்களும் யாஹூ அறிக்கையின் 27 விழுக்காட்டினரைப் போன்றவர்களே.

இங்கே நம் மரபில் உள்ள ஒரு வேறுபாடு நினைவுக்கு வருகிறது. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றின் இறுதிக் குறிப்புகள், தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் தனித்தனியே சொல்லும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒன்றைச் செய்வது வேறு, செய்யச் சொல்லும் உரிமை வேறு. வாசிப்பு மென்பொருளில் தொகுப்பது இயந்திரம், தொகுப்பிப்பது வாசகன். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் காண்பது என்ற மூன்றும் அவன் சொற்படி நடந்தன. சேரமான் ஒருவனுக்கு இருந்த உரிமையை ஒரு சாதாரண வாசகனுக்கு அளித்த கருவி அது. திரட்டியில் அந்த உரிமை நடத்துவோரிடம் சென்றது. ஆனால் அவர்கள் வாசகருக்குத் தெரிந்த மனிதர்கள். சண்டையிட்டுக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள்.

மூடப்பட்ட துறை

2006 செப்டம்பரில் பேஸ்புக் தன் முகப்பில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்து, அதற்குச் 'செய்தி ஓடை' என்று பொருள்படும் பெயரையே இட்டது. பெயர் ஒன்று, பொருள் வேறு. இதில் எட்டாம் படி இல்லை, ஏழாம் படி இல்லை, முதற்படிகூட இல்லை. சேர்க்க வேண்டாம், தேட வேண்டாம், தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். எளிமையின் உச்சம். ஆனால் எதை முன்னே காட்டுவது, எதைக் காட்டாமலே விடுவது என்று நிறுவனத்தின் கணக்கீடு முடிவு செய்தது. தொகுப்பிப்பவர் மாறிவிட்டார். ஓடை மீண்டும் தீனி ஆயிற்று. பாயின்ட்காஸ்ட் வேறு உடையில் திரும்பி வந்தது.

அதன்பின் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2011இல் பயர்பாக்ஸ் தன் முகவரிப் பட்டையிலிருந்து ஆரஞ்சுச் சின்னத்தை நீக்கியது. 2012இல் சபாரி ஓடை வாசிக்கும் வசதியைக் கைவிட்டது. 2013 மார்ச் 13 அன்று கூகிள், பயன்பாடு குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி ரீடரை மூடப்போவதாக அறிவித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு வேண்டினர், பயனில்லை. ஜூலை 1 அன்று அது மூடப்பட்டது. பீட்டெமனும் அதே ஆண்டு நின்றது. அதே ஆண்டில் ட்விட்டரும் ஆர்.எஸ்.எஸ். அளிப்பதை நிறுத்தியது. 2018 டிசம்பரில் பயர்பாக்ஸ் ஓடை தொடர்பான வசதிகளை முற்றாக நீக்கிற்று.

ஏன் பெரிய எதிர்ப்பு எழவில்லை? அறிந்தே பயன்படுத்திய அந்த 4 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். அறியாமல் பயன்படுத்தியவர்களுக்கு, தாம் எதை இழந்தோம் என்பதைச் சொல்லப் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குள் குழாய் வந்தபின் ஆற்றுக்குப் போகும் வழியில் முள் மண்டிவிடும். குழாய் நின்ற அன்று, ஆறு எந்தத் திசையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மறைப்பதால் வரும் எளிமையின் விலை இதுதான்.

அப்படியானால் மறைத்ததுதான் குற்றமா? அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஒலியோடையும் மறைக்கப்பட்டதே. கேட்போருள் பெரும்பாலோர் ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரை அறியார். ஆயினும் பாட்காஸ்ட் உலகம் இன்றும் பெரும்பகுதி அந்தப் பழைய ஓடைகளின் மீதே நிற்கிறது. காரணம், அங்கே படித்துறைகள் பல. ஒலிபரப்புவோர் தம் ஓடையைத் தம்மிடமே வைத்திருக்கிறார்கள்; கேட்போர் எந்தச் செயலியிலும் கேட்கலாம்; ஒன்று மூடினால் மற்றொன்றுக்குப் போகலாம். மறைவு இருந்தும் வெளியேறும் வழி அடைபடவில்லை.

கூகிள் ரீடர் மூடியபோதும் தப்பிப் பிழைத்தவர்களைக் காப்பாற்றியது, யாரும் கவனிக்காத ஒரு சிறு கோப்புதான். ஓ.பி.எம்.எல். என்பது அதன் பெயர். வாசகன் எந்தெந்த ஓடைகளைப் பின்தொடர்கிறான் என்ற பட்டியல், அவ்வளவே. அதைக் கூகிளிடமிருந்து இறக்கி வேறொரு மென்பொருளில் ஏற்றினால், நூறு தளங்களும் சில நொடிகளில் இடம் மாறின. மூடும் அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தன்னிடம் வந்ததாகப் 'பீட்லி' நிறுவனம் அறிவித்தது. 2002இல் பிறந்த நெட்நியூஸ்வயர் பல கைகள் மாறியபின் தன்னை ஆக்கியவரிடமே திரும்பி, 2019 முதல் விலையின்றி, மூலநிரலும் திறந்ததாக வெளிவருகிறது. ஓடைகள் வற்றவில்லை. செய்தித் தளங்களும் வலைப்பதிவுகளும் பல இன்றும் அந்தச் சிறு கோப்பை அமைதியாக எழுதிக்கொண்டே இருக்கின்றன. சின்னம் மட்டும்தான் கண்ணில் படுவதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் எளிமை என்ற சொல் இரு வேறு வேலைகளைச் செய்திருக்கிறது. தானே கண்டறியும் வரி, பிழை பொறுக்கும் நிரல், எழுத்தற்ற சின்னம் ஆகியவை வாசகனின் சுமையைக் குறைத்தன. அவன் உரிமையைத் தொடவில்லை. பிற்கால எளிமையோ சுமையோடு உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பயன்படுத்த இரண்டும் இனிமையே. வேறுபாடு தெரிவது, விட்டுப் போக நினைக்கும் நாளில். எளிய மென்பொருள் ஒன்றைக் காணும்போது, உள்ளே போவது எவ்வளவு சுலபம் என்று பார்ப்பதோடு, நம் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். தொகுப்பிக்கும் உரிமை இன்னும் நம்மிடம் இருக்கிறதா என்பதற்கு அந்தக் கேள்வியின் விடையே சான்று.